குல்லா வைக்கும் முன் கீழே போய்ப் பாருங்கள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்க்கும் தங்கச்சியே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வயதாகி ஓய்வு பெற்றவன் இல்லை. ஏணிதான் என்னிடமிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் என் முட்டியின் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், "இனிமே தரையில நின்னு செய்யற வேலையாப் பாருங்க" என்றார். "தரையிலயும் நடுங்குது டாக்டர். அது முட்டி இல்ல, என் சுபாவம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் என் மனைவி சிரித்தாள். அவளுக்கு என் சுபாவம் தெரியும்.

மேட்டுப்பாளையத்தில் இந்தத் தகரக் கொட்டகையின் கீழ் இத்தனை வருடம் புகைபோக்கிக்கு மூடி அடித்திருக்கிறேன். நம் பட்டறைப் பேச்சில் அதற்குக் குல்லா என்று பெயர். பேக்கரிக்கு, கல்யாண மண்டபத்துச் சமையல்கூடத்துக்கு, டவுனுக்குள் இருக்கும் பழைய வீடுகளுக்கு. எத்தனை குல்லா வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. எத்தனை முறை பயந்தேன் என்று கேட்டால், குல்லாக்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஒருமுறை ஒரு பேக்கரிப் புகைபோக்கிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு வெள்ளை முகம் என்னை நிமிர்ந்து பார்த்தது. கூகை. ஏணிப்படி ஒன்றையும் தொடாமல் நான் கீழே வந்து சேர்ந்ததை அந்த பேக்கரிக்காரர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். வீட்டுக்குப் போய் அது கழுகு என்று சொன்னேன். அந்த வாரம் முடிவதற்குள் அதற்குக் கொம்பும் முளைத்துவிட்டது.

ஆகவே, பயப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. எனக்கு வராத வித்தையை எப்படிச் சொல்லித் தருவது? பயத்தோடு பயமாக ஒரு குல்லாவைத் தேர்ந்தெடுத்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன். சிரிக்கிற இடத்தில் சிரியுங்கள். அப்புறம் சிரிப்பதற்கு அதிகம் இருக்காது.

குருசுக்குப்பத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு பழைய மாடி வீடு. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் வாழ்பவர். நம்மூர் வழக்கப்படி தெருவே அதை 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்லும். நான் அவரை முசியே என்று கூப்பிட்டேன், அவர் மனைவியை மதாம் என்று. அது ஐப்பசி மாதம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். அன்று காலையில் முசியே எனக்கு போன் செய்தார். குரலில் அப்போதும் பட்டாளம் இருந்தது.

"சமையலறை சிம்னி வழியா மழை உள்ள கொட்டுது. அடுப்பு எரிச்சு ரொம்ப வருஷமாச்சு. அந்த ரூம்லதான் என் சம்சாரம் படுத்திருக்கா. ஈரம் ஆகாது. ஒரு சொட்டு வரக்கூடாது. முழுசா மூடிடணும். இன்னிக்கே."

மதாமுக்கு நெஞ்சில் கோளாறு. ஒரு வருடமாக நடமாட்டம் இல்லை. குளியலறையை ஒட்டி இருக்கும் அறை அந்தப் பழைய சமையலறை ஒன்றுதான் என்பதால் கட்டிலை அங்கே போட்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏன் பிறகு? அங்கேதான் நான் செய்த தப்பு இருக்கிறது. நம் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு. புகைபோக்கி என்றதும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். வெளிப்படிக்கட்டு வழியாக நேரே மொட்டை மாடிக்குப் போகிறோம், வாயை அளக்கிறோம், குல்லாவை இறக்குகிறோம், போய்விடுகிறோம். அந்தப் புகைபோக்கியின் கீழே யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்க நமக்குத் தோன்றுவதே இல்லை. அதுவும் புயல் கூண்டு ஏறிய நாள். வீட்டுக்குள் தலையைக்கூட நீட்டாமல் நேரே மாடிக்குப் போய்விட்டேன்.

வண்டியில் இரண்டு குல்லா இருந்தன. ஒன்று, நான்கு பக்கமும் தகடு மடிந்து இறங்கிய வகை. முக்காடு போட்ட மாதிரி இருக்கும். இனி அடுப்பே எரியாது என்கிற வீட்டுக்கு அது போதும். இன்னொன்று ஒரு பேக்கரிக்காகச் செய்தது. உயரமான நான்கு கால், அகலமான கூரை, சுற்றிலும் கம்பி வலை. முசியே கேட்டதோ முக்காடு. நானும் அதைத்தான் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

பழைய சுண்ணாம்புக் கட்டு. துளை போடும் இயந்திரத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். மேல் வரிசையில் ஒரு செங்கல் பல் விழுவது போல அசைந்தது. நான் பிடிப்பதற்குள் உள்ளே போய்விட்டது. சுவரில் மோதி மோதிப் போகும் சத்தம். பிறகு அடியில் தொம்மென்று ஒன்று. பிறகு எதுவும் இல்லை.

தம்பிகளே, அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் கைதாகி, பேப்பரில் படம் வந்து, என் மனைவி மறுமணமும் செய்துகொண்டுவிட்டாள். மாப்பிள்ளை என்னைவிட உயரம். புகைபோக்கிக்குள் தலையை விட்டுக் கத்தினேன்.

"அம்மா! மதாம்! உசிரோட இருக்கீங்களா?"

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் அதில் குறும்பு இருந்தது.

"தினம் டாக்டரும் இதையேதான் கேக்கறாரு. யாருப்பா அது மேல? பேர் நொயேலா? கிறிஸ்மஸ் தாத்தா வர இன்னும் நாள் இருக்கே!"

"கல்லு, மதாம். கல்லு விழுந்துடுச்சி. அடி கிடி..."

"பரிசு குடுக்க வந்தவன் கல்லைப் போட்டியா? நான் மூலையில கட்டில்ல இருக்கேன். கல்லு அடுப்புக்குள்ள கெடக்கு. சாம்பல் பறந்து எனக்குப் பவுடர் அடிச்சி விட்டுருக்கு, அவ்ளோதான்."

உயிர் திரும்பியது. உயிர் திரும்பியதும் என் வாயும் திரும்பிவிட்டது. தொழில் பெருமை பேச ஆரம்பித்தேன்.

"குல்லா வைக்கிறேன் மதாம். அப்புறம் ஒரு சொட்டு இறங்காது."

"சத்தம்?"

"ஒரு சத்தமும் வராது. நிம்மதியாத் தூங்கலாம்."

கீழே கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது. பிறகு, "அப்படியா" என்றார்.

அந்த 'அப்படியா' இன்னும் என் காதில் இருக்கிறது. கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். கெஞ்சியிருந்தால் சமாளித்திருப்பேன். வெறுமனே அப்படியா என்றால் ஒரு மனிதன் என்ன செய்வது?

"ஏன் மதாம்?"

"ஒண்ணுமில்லப்பா. ஒரு வருஷமா இந்த நாலு சுவரைத்தான் பாத்துகிட்டு இருக்கேன். காலையில குப்பத்துலேர்ந்து மீன்காரி வருவா. அவ கத்துறதுக்கு முன்ன, கூடைய எறக்கற தினுசுலயே சங்கரா மீனா கவலை மீனான்னு சொல்லிடுவேன். அப்புறம் கோயில் மணி. பள்ளிக்கூடம் விட்டா புள்ளைங்க சண்டை. காத்து திரும்புச்சின்னா கடல். எல்லாம் அந்த ஓட்டை வழியாத்தான் எனக்கு வருது." மூச்சு வாங்க நிறுத்தினார். "அவரு மூடச் சொன்னா மூடிடு. மழையக் கண்டா பயப்படறாரு, பாவம். மூடறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு சொல்லு. அங்கேர்ந்து பாத்தா என்னா தெரியுது?"

ஏணியில் நின்று நான் அதுவரை எதையும் பார்த்ததில்லை. பார்த்தால் தலை சுற்றும் என்பதால் எப்போதும் என் கையை மட்டும்தான் பார்ப்பேன். அன்று பார்த்தேன். கடல் துணி அலசிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. குப்பத்தில் படகுகளை ரோட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். காக்கைகள் பறக்காமல் கைப்பிடிச் சுவரில் நடந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன்.

"வடக்கால பாரு. ஒரு பெரிய மாமரம் இருக்கும். எங்க அம்மா வீட்டு மரம். தெரியுதா?"

வடக்கே பார்த்தேன். ஒரு அடுக்குமாடிக் கட்டடம் நின்றது. அதன் பால்கனிகளில் யாரோ அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மரம் என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை.

"தெரியுது மதாம்."

"எப்படி இருக்கு?"

வாய் ஆரம்பித்துவிட்டால் என் பேச்சைக் கேட்காது. "ஜோரா இருக்கு. மரம் முழுக்கப் பூ. இலையே தெரியல."

கீழே இருமல் சத்தம் கேட்டது. நெடுநேரம் இருமினார். அழுகிறாரோ என்று காதை ஓட்டைப் பக்கம் சாய்த்தேன். பிறகு, "நல்லது. நல்லா இருக்கட்டும்" என்றார்.

கல் விழுந்த சத்தம் கேட்டு முசியே மாடிக்கு ஏறி வந்தார். நல்ல உயரம், கம்பி போல நிமிர்ந்த முதுகு. நான் ஏணியிலிருந்து இறங்கி நின்றேன்.

"என்னா விழுந்துது?"

"ஒரு கல்லு முசியே. மதாமுக்கு ஒண்ணும் ஆவல. பேசிகிட்டு இருந்தோம்."

"பேசினாளா?" அவர் ஆச்சரியப்பட்டார். "காலைலேர்ந்து என்கிட்ட வாயத் தொறக்கல."

"முசியே, இந்தக் குல்லா வேணாம். வண்டியில இன்னொண்ணு இருக்கு. கால் உசரம், கூரை அகலம். மழை வெளியவே வடிஞ்சிடும். சத்தம் மட்டும் உள்ள போவும்."

"சத்தம் எதுக்கு?"

மதாம் சொன்னதைச் சொன்னேன். மீன்காரி, மணி, பிள்ளைகள், கடல். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா அவ கட்டில் பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். என்கிட்ட இத சொன்னதே இல்லியே."

"நீங்க கேட்டீங்களா முசியே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் உடம்பில் பயம் இல்லாத ஒரே உறுப்பு நாக்கு. அவர் அடிப்பார் என்று நினைத்து ஏணிக்குப் பின்னால் ஒரு அடி நகர்ந்தேன். அவர் அடிக்கவில்லை.

"அந்தக் குல்லாவுல ஒரு சொட்டு வராதுன்னு சொல்ல முடியுமா?"

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் இப்படிக் கேட்கும்போது, 'கவலையே படாதீங்க சார், நான் கேரண்டி' என்று நம் வாய் தானாகச் சொல்லும். எனக்கும் நுனி நாக்கு வரை வந்தது. மாமரத்துக்குப் பூ வைத்த நாக்குக்கு இது ஒரு பெரிய வேலையா? அன்றைக்கு ஏனோ வரவில்லை.

"சொல்ல முடியாது முசியே. முழுசா மூடினா சொல்லலாம். இதுல, காத்து சுழிச்சி அடிச்சா கொஞ்சம் தூவத்தான் செய்யும்."

"போன தடவ நெஞ்சுல சளி கட்டினப்ப டாக்டர் என்னா சொன்னாரு தெரியுமா? இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டாங்கன்னாரு."

அது நான் தீர்க்க வேண்டிய கேள்வி இல்லை. ஒரு பக்கம் மதாமுடைய மூச்சு, ஒரு பக்கம் அவர் காதில் விழும் ஊர். தகடு அடிக்கிறவன் அதை எடைபோடக் கூடாது. எதை வைத்தால் எது வரும், எது போகும் என்று உள்ளபடி சொல்வதோடு நம் வேலை முடிந்தது. காற்று ஏறிக்கொண்டே இருந்தது. முசியே கீழே போனார். புகைபோக்கிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அங்கேயே நின்றிருந்தால் அவர்கள் பேசுவது கேட்டிருக்கும். மாடியின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே கௌரவமான காரியம் அது.

திரும்பி வந்தபோது அவருடைய முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது.

"பெரிய குல்லாவ வைங்க."

பெரிய குல்லா என்றால் பெரிய காற்று பிடிக்கும். பிய்த்துக்கொண்டு போனால் மழையும் உள்ளே, குல்லா யார் தலையிலோ. அந்தச் சுண்ணாம்புக் கட்டில் இனி ஒரு துளையும் போடுவதில்லை என்று முடிவு செய்து, புகைபோக்கியைச் சுற்றி துருப்பிடிக்காத எஸ்.எஸ். பட்டையை இறுக்கி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். முசியேவும் கம்பி பிடித்தார். இறங்கி, அன்றைக்கு முதல்முறையாக அந்த அறைக்குள் போனேன். சின்ன உருவம். முகத்தில் சாம்பல் இன்னும் ஒட்டியிருந்தது. துடைக்க விடவில்லையாம். "பேர் நொயேல் குடுத்த பவுடர்" என்றார். "கேக்குதா மதாம்?" என்றேன். கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மேலே கம்பிகளில் காற்று இழுக்கும் ஓசையும், அதற்குப் பின்னால் கடலும் கேட்டன.

புயல் கரையேறும் வரை நான் வீட்டில் உட்காரவில்லை. வெளியே எது உருண்டாலும் எழுந்து நின்றேன்.

"என்னா, நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்து நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"என் குல்லா பறக்குது."

"குல்லா இல்ல, புத்தி பறக்குது. ஒக்காருங்க."

காற்று ஓய்ந்ததும் விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குல்லா ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, ஆனால் நின்றது. தெருவிலிருந்தே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டேன். உள்ளே போய், ஈரம் வந்ததா என்று கேட்கும் தைரியம் இல்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மதாம் போய்விட்டார். நெஞ்சில் சளி.

அடக்கத்தன்று மாதா கோயிலில் கடைசி வரிசைக்கும் பின்னால், தூணுக்கு மறைவில் நின்றேன். முசியே என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. பெட்டி என்னைக் கடந்து போனபோது தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் கல்லறைக்குப் போனார்கள். நான் பட்டறைக்குப் போனேன். அன்று வளைத்த தகடு எதுவும் நேராக வரவில்லை. அந்தத் தெருப் பக்கம் வேலை வந்தால் வேறு ஆளை அனுப்பினேன். முட்டி வலி என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி நிஜமாகவே வந்துவிட்டது.

பங்குனியில் முசியேவிடமிருந்து போன் வந்தது. பட்டாளம் குரலை விட்டுப் போயிருந்தது.

"கொஞ்சம் வர முடியுமா? ஏணிய எடுத்துகிட்டு."

குல்லாவைப் பிடுங்கச் சொல்வார். பிடுங்கி என் தலையிலேயே போடுவார். அதற்கு நான் தயாராகத்தான் போனேன். போகும்போது மனைவியிடம், நான் வர நேரமானால் சாப்பாட்டை மூடி வை என்று ஒரு தினுசாகச் சொல்ல, "எப்பவும் அதானே செய்யறேன்" என்றாள்.

சமையலறையில் கட்டில் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு நாற்காலி மட்டும் கிடந்தது. அடுப்பு மேடையில் நான் தள்ளிய செங்கல்லைத் துடைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கும் வேலை செய்யவில்லை. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"முசியே, அன்னிக்கு மழை உள்ள..."

"வந்துது. ஒரு கை ஈரம். சாம்பல் மேல பொட்டு பொட்டா." அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதனாலயான்னு நான் டாக்டர கேக்கல. நீங்களும் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. இன்று வரை யாரையும் கேட்கவில்லை.

"புயல் அடிச்சப்ப என்கிட்ட ஒவ்வொரு சத்தமா சொல்லிகிட்டே இருந்தா. இது தகரம், இது தென்னை, இது அந்தப் பய கட்டின கம்பின்னு. அவ அவ்ளோ பேசி வருஷக்கணக்காச்சு." செங்கல்லை எடுத்துத் திருப்பி வைத்தார். "அந்த மாமரத்த வெட்டும்போது அவளும் நானும் பக்கத்துலதான் நின்னோம். அப்புறம்தான் அங்க பில்டிங் வந்துது."

எனக்குக் காது சுட்டது.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? நீங்க போனப்புறம் என்னைக் கூப்புட்டு சொல்றா, 'ஐப்பசியில மாமரம் பூ விட்டுருக்காம், கேட்டீங்களா?' சிரிச்சி சிரிச்சி மூச்சு வாங்கிடுச்சி. 'நல்ல பொய் சொல்றான், அவனுக்கு ஒரு காப்பி குடுத்திருக்கலாம்'னா. அப்புறம் தினம் கேப்பா, 'இன்னிக்கு மரம் எப்படி இருக்கு'ன்னு. எனக்கு அந்த மாதிரி சொல்ல வரல. பட்டாளத்துல அதெல்லாம் சொல்லித் தரல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேல ஏறுங்க."

ஏறினேன். முட்டி வலித்தது. அதுதான் நான் ஏறிய கடைசி ஏணி. குல்லாவின் கால்களில் உப்புக்காற்றின் துரு இன்னும் பிடிக்கவில்லை, கம்பிகள் இறுக்கமாக இருந்தன. ஸ்பானரை எடுக்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. புகைபோக்கிக்குள் வருவதால் அது முசியேவின் குரல் போலவே இல்லை.

"என்னா தெரியுது?"

கடலைச் சொன்னேன். இப்போது அது நீலமாக இருந்தது. படகுகளைச் சொன்னேன்.

"வடக்கால?"

வடக்கே பார்த்தேன். அதே கட்டடம். பால்கனியில் ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"மரம் தெரியுதா?"

"தெரியுது முசியே." இந்த முறை மாதத்தை யோசித்துக்கொண்டேன். "வடு விட்டுருக்கு. கொத்து கொத்தா. அணில் ரெண்டு ஏறுது."

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கால் உயரம் வைத்து, கூரை அகலம் வைத்து, நான் பார்த்துப் பார்த்துச் செய்த குல்லா அது. அடியில் எழுகிற சத்தம் ஒன்றுவிடாமல் மேலே வரும். அது சிரிப்பா, அழுகையா என்று மட்டும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது நிற்கும் வரை ஏணியிலேயே நின்றிருந்தேன்.